கல்லாப்பெட்டியில் ஒரு பங்காளி

முன்பெல்லாம் நம் ஊர் மளிகைக் கடைகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும். 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று அதில் எழுதியிருக்கும். மறுநாள் போய்க் கேட்டாலும் அதே அட்டைதான் பதில் சொல்லும். கேட்பவரின் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லக் கூச்சப்பட்ட வியாபாரிகள் கண்டுபிடித்த உபாயம் அது. இப்போது அந்த அட்டையைக் காண்பது அரிது. அது தொங்கிய இடத்திலோ, கண்ணாடிக் கதவிலோ, நான்கைந்து வண்ணச் சின்னங்கள் ஒட்டியிருக்கின்றன. விசா என்றும் மாஸ்டர்கார்டு என்றும் மைடெபிட் என்றும் அவற்றுக்குப் பெயர். கடன் அட்டை வைத்திருக்கிறீர்களா, வாருங்கள், உட்காருங்கள் என்று கடை வாசலே நம்மைக் கூப்பிடுகிறது.

கடன்காரரை வாசலில் நின்று வரவேற்கிற காலமும் வந்துவிட்டதே என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விழுக்காட்டுக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது என் தொழில். கணக்கில் ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் எங்கேயோ குறைந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு எங்களைப் போன்றவர்களை விட்டு லேசில் போவதில்லை. அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் வட்டியில்லாத தவணை கிடைக்கிறது. வாங்கிய பொருளுக்குப் புள்ளிகள் சேருகின்றன. புள்ளிகள் சேர்ந்தால் மின்விசிறியோ பயணப்பெட்டியோ வீட்டுக்கு வருகிறது. சில அட்டைகளில் காசே திரும்பக் கிடைக்கிறது. இவ்வளவையும் கொடுத்துவிட்டு வங்கி நஷ்டப்படுவதாகவும் தெரியவில்லை. அப்படியானால் மின்விசிறியை வாங்கிக் கொடுத்தது யார்?

எங்கள் ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வியை ஒரு நாள் போட்டேன். "அதுதான் வட்டி கட்ட முடியாமல் முழிக்கிறவன் கட்டுகிறானே சார்" என்றார் ஒரு நண்பர். அவர் சொன்னது பாதி உண்மை. மாதக் கணக்கை முழுவதும் தீர்க்காமல், நூற்றுக்கு 5 மட்டும் கட்டிவிட்டு மிச்சத்தைத் தள்ளிப் போடுகிறவர்களிடம் நம் நாட்டு வங்கிகள் ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி வாங்குகின்றன. அது எல்லாருக்கும் தெரிந்த வழி. தெரியாத வழி ஒன்று இருக்கிறது. அது கடைக்காரரின் கல்லாப்பெட்டி வழியாகப் போகிறது.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமில்லை. தெலுக் இந்தானுக்குப் போகும் சாலையில், எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று மைல் தள்ளி, ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. பட்டணம் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். இரண்டு வரிசைக் கடைகள், ஒரு சீனர் காப்பிக்கடை, ஒரு கிளினிக், ஒரு பெட்ரோல் நிலையம். அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் அக்காவை இந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. கணவர் இறந்த பிறகு பதினெட்டு வருடங்களாகத் தனியாகவே கடையை நடத்தி, ஒரே மகனைப் படிக்க வைத்துக் கோலாலம்பூரில் வேலைக்கு அனுப்பியவர். அரிசி, பருப்பு, கருவாடு, பூசைச் சாமான், வெள்ளிக்கிழமையானால் வாழை இலையும் பூவும் அவரிடம் கிடைக்கும்.

தோட்டத்து ஆசிரியர் என்றால் பள்ளிக்கூடத்தோடு வேலை முடிந்துவிடாது என்பது வாசகர்களுக்குத் தெரியும். பிறப்புப் பத்திரத்துக்கு மனு, சொக்சோவுக்குக் கடிதம், மின்சார வாரியத்துக்கு முறையீடு எல்லாம் நம் கையெழுத்தில்தான் போக வேண்டும். அப்படித்தான் சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, வங்கியிலிருந்து வந்த காகிதக் கட்டு ஒன்றை அக்கா என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதுல எல்லாம் இங்கிலீசுல இருக்கு. மாசா மாசம் வருது. நல்லா விக்கிற மாதிரிதான் இருக்கு, ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. எங்கே போவுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் கடையில் அட்டை இயந்திரம் வைத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் சொல்லி வைத்தது. காகிதங்களையும் அவருடைய வரவு செலவு நோட்டையும் அடுத்தடுத்து விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். 

அதற்கு முன், இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாம் 100 வெள்ளிக்குச் சாமான் வாங்கி அட்டையைத் தட்டினால், நம் கணக்கில் 100 வெள்ளி ஏறுகிறது. ஆனால் கடைக்காரருக்கு 100 வெள்ளி போய்ச் சேருவதில்லை. அக்காவின் ஒப்பந்தப்படி கடன் அட்டையானால் 98 வெள்ளி 20 காசு. சேமிப்பிலிருந்து நேரே பணம் போகும் பற்று அட்டையானால் 99 வெள்ளி 20 காசு. நடுவில் காணாமற்போனது மூன்று இடங்களுக்குப் பிரிகிறது. நமக்கு அட்டை கொடுத்த வங்கிக்கு ஒரு பங்கு. சின்னத்துக்குச் சொந்தக்காரராகிய நிறுவனத்துக்கு ஒரு பங்கு. கடையில் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்த வங்கிக்கு ஒரு பங்கு. இதுபோக இயந்திரத்துக்கு மாத வாடகை தனி. வாடிக்கையாளர் கையில் கிடைக்கும் ரசீதில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

அட்டை வைத்திருப்பவர்களுக்கு 2018 செப்டம்பரில் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி வந்தபோது, எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்த முணுமுணுப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. கண்ணுக்குத் தெரிகிற 25 வெள்ளி அது. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை.

இப்போது அக்காவின் கணக்குக்கு வருவோம். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். தொகைகளை மட்டும் படிப்பவர்களுக்கு வசதியாக முழுமையாக்கியிருக்கிறேன். மாத விற்பனை 46,000 வெள்ளி. கேட்டவுடன் பெரிய முதலாளி என்று தோன்றும். மளிகையில் நூற்றுக்கு 10 நின்றால் பெரிது. ஆக, கொள்முதல் போக 4,600 வெள்ளி. கடை வாடகை 900. குளிர்ப்பெட்டி ஓடுவதால் மின்சாரம் 480. உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளப்படி 1,700. அந்தப் பெண்ணின் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் முதலாளி பங்கு 250. இவை போக நிற்பது 1,270 வெள்ளி.

அட்டை மூலம் நடந்த விற்பனை 14,000. அதில் கடன் அட்டை 9,000, பற்று அட்டை 5,000. முதலாவதற்கு 162 வெள்ளியும் இரண்டாவதற்கு 40 வெள்ளியும் கழித்திருந்தார்கள். இயந்திர வாடகை 48. மொத்தம் 250 வெள்ளி. ஆக அக்கா வீட்டுக்கு எடுத்துப் போவது 1,020.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கணிதம் எடுத்த விரிவுரையாளர் ஒருவர், யாராவது 'இத்தனை விழுக்காடு' என்று சொன்ன மாத்திரத்தில் "எதில்?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டு அது எங்களுக்குப் பட்டப்பெயரே ஆகிவிட்டது. ஆனால் விழுக்காட்டுக் கணக்கின் சூட்சுமம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. இயந்திரம் வைக்க வந்த இளைஞர் அக்காவிடம், "நூற்றுக்கு ஒண்ணே முக்கால் சொச்சம்தான் ஆன்ட்டி" என்று சொன்னாராம். பொய் சொல்லவில்லை. அது விற்பனையில். அக்காவின் கைக்கு நிற்க வேண்டிய 1,270 வெள்ளியில் பார்த்தால், போன 250 வெள்ளி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கடை வாடகையில் கால் பங்குக்கும் மேல். ஆண்டுக்கு 3,000 வெள்ளி. கடைக்குள் வராமல், மூட்டை தூக்காமல், அக்காவோடு ஐந்துக்கு ஒன்று என்று பங்கு போடும் ஒரு பங்காளி என்றே சொல்லலாம்.

ஓர் அரிசி மூட்டையை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். 40 வெள்ளிக்கு விற்கும் மூட்டையில் அக்காவுக்கு 2 வெள்ளி நிற்கிறது. கடன் அட்டையில் வாங்கினால் அந்த 40 வெள்ளிக்கும் சேர்த்துக் கட்டணம் 72 காசு. இரண்டு வெள்ளியில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போயிற்று. நகைக்கடையிலும் கண்ணாடிக் கடையிலும் ஒரு பொருளில் நிற்கும் லாபம் வேறு. அவர்களுக்கு இது தாங்கும். மளிகைக்குத் தாங்காது. அதிலும் அரசாங்கம் விலை குறித்த பொட்டல எண்ணெய் போன்ற சாமானில் ஒரு காசுகூட ஏற்ற வழியில்லை. போவதெல்லாம் கையிலிருந்துதான்.

சரி, அட்டையில் வாங்குகிறவரிடமே அந்த 72 காசைக் கேட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒப்பந்தத்தைப் புரட்டினேன். அட்டைக்காரரிடம் தனியாக எதுவும் வாங்கக் கூடாது. இவ்வளவுக்கு மேல் வாங்கினால்தான் அட்டை ஏற்போம் என்றும் சொல்லக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. சில கடைகளில் '20 வெள்ளிக்கு மேல்தான் கார்டு' என்று காகிதம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வயிற்றெரிச்சலில் ஒட்டியது அது, ஒப்பந்தத்தில் இடமில்லை.

ஆகவே கடைக்காரருக்கு இரண்டே வழி. ஒன்று, தாமே தாங்குவது. இல்லையென்றால், விலை குறிக்காத சாமான்களில் பத்துக் காசு, இருபது காசு என்று எல்லாருக்குமாக ஏற்றுவது. இரண்டாவது வழியில்தான் என் மனம் சிக்கிக்கொண்டது. ஏற்றினால் யாருக்கு ஏறுகிறது? அட்டைக்காரருக்கும் ஏறுகிறது; ரொக்கத்தில் வாங்கும் பாட்டிக்கும் ஏறுகிறது. அட்டைக்காரருக்குப் புள்ளியாக அது கொஞ்சம் திரும்பி வருகிறது. பாட்டிக்கு எதுவும் வருவதில்லை. ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி இல்லாதவருக்கு வங்கி கடன் அட்டை கொடுக்காது என்பது நம் நாட்டு விதி. அந்த அட்டை கிடைக்கத் தகுதியில்லாத மனிதர், அது வைத்திருப்பவரின் மின்விசிறிக்குத் தம் பங்கைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததே தெரியாமல் வீட்டுக்குப் போகிறார்.

கடன் என்பது நம்மவர்களுக்குப் புதிதா? தோட்டத்தில் பிறந்த யாரும் மறக்க முடியாத ஒன்று அந்த 555 நோட்டுப் புத்தகம். உள்ளங்கையில் அடங்கும். மலாய்க்காரர்கள் 'பூக்கு தீகா லீமா' என்பார்கள். என் தந்தை பால்மரம் வெட்டியவர். எண்பதுகளில் நான் சிறுவனாக இருந்தபோது, கடைக்குப் போகச் சொன்னால் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் கையில் கொடுப்பார்கள், பை அப்புறம். மீன் டின் ஒன்று, சீனி ஒரு கட்டி, மண்ணெண்ணெய் அரை போத்தல் என்று கடைக்காரர் பென்சிலால் எழுதுவார். சம்பள நாளன்று ஆபீசில் கிராணி பணத்தை எண்ணிக் கொடுப்பார். நாலு அடி தள்ளிக் கடைக்காரர் தம் புத்தகத்தோடு நிற்பார். கையில் வந்த பணம் சட்டைப் பைக்குப் போகுமுன் பாதியாகிவிடும்.

அந்தக் கடனிலும் மறைவான செலவு இருந்தது. எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பட்டணத்தில் என்ன விலை, தோட்டத்துக் கடையில் என்ன விலை என்று மனப்பாடமாகச் சொல்லுவார். "நாளைக்குத் தர்ற காசுக்கு இன்னைக்கே வெலை கூட" என்பது அவர் வாக்கு. அந்தக் கடைக்காரர்களை நான் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. கொள்ளை விலை வைத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அங்கே ஒரு நேர்மை இருந்தது: கடன் வாங்கியவர் கடனுக்கான விலையைக் கொடுத்தார், ரொக்கம் வைத்திருந்தவர் சைக்கிளை மிதித்துப் பட்டணத்துக்குப் போய்க் குறைத்து வாங்கிக்கொண்டார். இப்போதோ கடனுக்கான விலை எல்லார் தலையிலும் சமமாக இறங்குகிறது.

இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தவர்கள் அமெரிக்கர்கள். 1950-இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் தொடங்கியபோது, உணவகத்துக்காரர்களிடம் நூற்றுக்கு 7 பிடித்தார்கள். 1958-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்ற ஊரில், கேட்காதவர்களுக்கும் சேர்த்து 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. அந்த அட்டைதான் 1976-இல் விசா என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஊரில் பாதிப் பேர் கையில் அட்டை இருந்தால், 'நான் வாங்க மாட்டேன்' என்று எந்தக் கடைக்காரர் சொல்ல முடியும்? சாமர்த்தியசாலிகள்தான்.

அக்காவும் அப்படிச் சொல்லிப் பார்த்தார். கணக்கைக் கேட்டதும், "எடுத்துப் போடுங்க தம்பி அந்த மெஷினை" என்றார். ஆனால் சில மாதங்களுக்கு முன் இயந்திரம் பழுதாகிப் பத்து நாள் கிடந்ததை அவரே நினைவுபடுத்திக்கொண்டார். அதில் ஒரு சம்பளச் சனிக்கிழமையும் அடங்கும். இளம் தம்பதிகள் கூடை நிறையச் சாமானை எடுத்துக் கல்லா வரைக்கும் வந்து, "கார்டு இல்லையா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு, கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். தெலுக் இந்தானில் பேரங்காடி இருக்கிறது. அவர்களிடம் கார் இருக்கிறது. பேரங்காடிக்கு வியாபாரம் பெரிது என்பதால் வங்கியிடம் பேசிக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளவும் முடியும். தனியாகக் கடை நடத்தும் அக்காவுக்கு, இயந்திரம் வைக்க வந்தவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடத்தான் முடிந்தது.

இதில் என் கவலை அக்காவைப் பற்றி மட்டுமல்ல. அவர் கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் 23 சிறு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆமாம், 555 இன்னும் சாகவில்லை. எங்கள் தோட்டத்தில் வேலையிலிருந்து நின்றுபோன பெரியவர்கள், மகன் அனுப்பும் பணத்துக்குக் காத்திருக்கும் பாட்டிகள், கணவன் விட்டுப்போன பெண் ஒருத்தி என்று 23 குடும்பங்கள். பஸ் நின்று பல வருடங்களாயிற்று. பேரங்காடி 555-இல் எழுதிக்கொள்ளாது. அக்கா எழுதிக்கொள்கிறார். வட்டி இல்லை, விலையில் வேறுபாடு இல்லை. அவர் கைக்கு நிற்கும் அந்த ஆயிரத்துச் சொச்சத்தில்தான் இந்த 23 புத்தகங்களும் உயிர் வாழ்கின்றன. போன தீபாவளிக்கு இரண்டு புத்தகங்களை முழுவதும் அடித்துவிட்டதை நான் பார்த்தேன். யாருடையது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரொக்கத்துக்கும் செலவு உண்டு. கள்ள நோட்டு வரும். கல்லாவில் கை வைக்கிறவர்கள் உண்டு. சில்லறையைச் சுமந்துகொண்டு வங்கிக்குப் போக ஒரு காலைப்பொழுது போகும். தனியாக இருக்கும் பெண்பிள்ளைக்கு இரவில் பணத்தோடு கடையைப் பூட்டுவது பயம். அட்டையில் வாங்கியவர் மாதக் கடைசியில் கட்டாமல் ஓடிப்போனால் நஷ்டம் வங்கிக்குத்தான். அக்காவுக்கு மறு வேலை நாளே பணம் வந்துவிடுகிறது. பிஸ்கட் டின்னில் இருக்கும் கடனுக்கு அந்தக் காப்பு கிடையாது. ஆகவே வங்கி சும்மா வாங்குகிறது என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்குக் கூலி வேண்டும். கூலி எவ்வளவு என்று கொடுக்கிறவருக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அக்கா அளக்காமலே நான்கு வருடம் போட்டிருக்கிறார்.

பெரிய வியாபாரம் செய்கிறவர்களுக்கும் இந்த நெருக்கடி வருவதுண்டு. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது நினைவிருக்கும். பெட்ரோல் நிலையம் நடத்துகிறவருக்குக் கிடைப்பது லாப விழுக்காடு அல்ல. லிட்டருக்கு இவ்வளவு என்று குறித்த கமிஷன். டீசலுக்கு அப்போது 10 காசு. அட்டைக் கட்டணமோ முழு விலைக்கும். நூற்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும், முந்தின நாள் வரை 2.15 காசு போன இடத்தில் மறுநாள் 3.35 காசு போகும். கமிஷன் அதே 10 காசுதான். விலை ஏறினால் வியாபாரிக்குக் கொண்டாட்டம் என்று நினைக்கிறோமே, இங்கே விலை ஏற ஏற வியாபாரிக்குக் குறைகிறது. இதை நான் எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்காகவே போட்டேன். ஒரு சிறுமி விடையைக் கண்டுபிடித்துவிட்டு, "அப்போ அவங்க ஏன் சார் விக்கிறாங்க?" என்று கேட்டாள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. அட்டை கொடுத்த வங்கிக்குப் போகும் பங்குக்கு 2015 ஜூலை 1 முதல் பேங்க் நெகாரா உச்சவரம்பு விதித்தது. அதே 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பங்கைப் பற்று அட்டைக்கு 0.2 விழுக்காடு, கடன் அட்டைக்கு 0.3 விழுக்காடு என்று வெட்டிக் குறுக்கியது. ஆனால் வரம்பு விதித்தது மூன்று பங்கில் ஒரு பங்குக்குத்தான். மற்ற இரண்டும் சேர்ந்து கடைக்காரருக்கு வரும்போது என்ன வீதமாகிறது என்பது அவரவர் பேச்சுத் திறமையைப் பொறுத்தது. பேசத் தெரியாதவருக்கு வீதம் கூட.

பிறகு 2019-இல் டூயிட்நாவ் கியூஆர் வந்தது. இயந்திரம் வேண்டாம், வாடகை வேண்டாம். கட்டம் போட்ட ஒரு காகிதம் போதும். கைப்பேசியைக் காட்டினால் பணம் கணக்குக்குப் போய்விடும். பாசார் மாலாமில் அப்பம் சுடும் அம்மாவிடம்கூட அந்த இளஞ்சிவப்புக் காகிதம் தொங்குகிறது. 2023 நவம்பர் 1 முதல் இதற்கும் வியாபாரிகளிடம் கட்டணம் உண்டு என்று செய்தி வந்ததும் நாடே சலசலத்தது. அதன்பின் பல வங்கிகள், சிறு வியாபாரிகளுக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. தள்ளுபடி என்ற சொல்லை நான் கொஞ்சம் கூர்ந்து பார்க்கிறவன். கட்டணமே இல்லை என்பது வேறு. இருக்கிறது, இப்போதைக்கு வாங்கவில்லை என்பது வேறு. தூண்டிலில் புழு வைத்திருக்கிறார்கள் என்று சொல்வது அதிகப்படி. ஆனால் காகிதத்தை ஒட்டும் கடைக்காரர்கள் தம் வங்கியில் அந்தத் தள்ளுபடி எந்த அளவு வியாபாரத்துக்கு, எந்தத் தேதி வரைக்கும் என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அக்காவின் விஷயத்தில் என்ன செய்தோம் என்று சொல்லி விடுகிறேன். கடை வைத்திருக்கும் வாசகர்கள் யாருக்காவது பயன்படலாம். முதலில் ஒரு வருடக் காகிதங்களையும் அடுக்கி, கடன் அட்டை எவ்வளவு, பற்று அட்டை எவ்வளவு, வெளிநாட்டு அட்டை எவ்வளவு என்று பிரித்து எழுதினேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்றது. பிறகு மலாயில் ஒரு கடிதம். மாதம் 14,000 வெள்ளிக்கு இயந்திரம் ஓடுகிறது, நான்கு ஆண்டாக ஒரு புகாரும் இல்லை, வேறு வங்கிகளிடமும் வீதம் விசாரிக்கப்போகிறோம், ஆகவே கடன் அட்டை வீதத்தைக் குறைத்து வாடகையை நீக்க வேண்டும் என்று எழுதினேன். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. "இப்படி எழுதினா மெஷினைப் பிடுங்கிட்டுப் போயிட மாட்டாங்களா?" என்று அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் பதில் இல்லை. நான்காம் வாரம் ஒரு பெண் அதிகாரி தொலைபேசியில் பேசினார். மிக மரியாதையான குரல். கடன் அட்டைக்கு 1.8 என்பது 1.5 ஆகும், வாடகை 48 வெள்ளியை இனி வாங்க மாட்டோம் என்றார். ஒரே தொலைபேசிப் பேச்சில் முடிந்துவிட்டது. 9,000-க்கு 135, பற்று அட்டைக்குப் பழையபடி 40, ஆக 175. மாதம் 75 வெள்ளி மிச்சம், ஆண்டுக்கு 900. இவ்வளவு சுலபமாகக் குறைக்க முடிந்ததை முதலிலேயே ஏன் குறைக்கவில்லை என்று அந்த அதிகாரியிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது. அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு மாற்றமும் செய்தோம். கியூஆர் காகிதம் அதுவரை சுவரில் காலண்டருக்குப் பின்னால் பாதி மறைந்து கிடந்தது. அதை எடுத்துக் கல்லாவின் முன்னால் நிறுத்தினோம். அட்டையை வெளியே எடுப்பவரிடம் அக்கா, "கைப்பேசியில இருந்தா இதுல தட்டுங்களேன், எனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்பார். கட்டாயமில்லை, கேட்பதுதான். கேட்டால் கேட்கிறார்கள். எங்கள் வட்டாரத்து இளைஞர்கள் நல்ல பிள்ளைகள். அட்டையைத் தட்டினால் அக்காவுக்குக் குறைகிறது என்பது அவர்களில் ஒருவருக்குக்கூட அதுவரை தெரியாது. கடன் அட்டையில் வாங்கிப் புள்ளி சேர்க்கும் என் நண்பர் ஆசிரியர் மட்டும் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது பத்து வெள்ளி, இருபது வெள்ளிச் சாமானுக்கு அவரும் கைப்பேசியைத்தான் நீட்டுகிறார். பெரிய சாமானுக்கு இன்னும் அட்டைதான். மின்விசிறி வந்துவிட்டது, இனி அரிசிப் பானைக்குக் குறிவைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு மாதந்தோறும் வரும் காகிதத்தை அக்கா உறை பிரிக்காமலே எனக்குக் கொடுத்தனுப்புகிறார். போன மாதம் கழித்தது 151 வெள்ளி 60 காசு. பிஸ்கட் டின்னில் ஒரு புத்தகம் கூடி 24 ஆகியிருக்கிறது. குறைத்த வீதம் ஓராண்டுக்குத்தான் என்று வங்கியின் கடிதத்தில் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. ஆகவே வருகிற மார்ச்சில் மறுபடியும் எழுத வேண்டும். பழைய கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தேதியையும் தொகையையும் மாற்றினால் போதும்.